ஒருநாள் அறுவைச் சிகிச்சை: ஆயத்தம் யார் பொறுப்பு?

காலையில் மருத்துவமனைக்குச் சென்று, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அன்று மாலையே வீடு திரும்புவது இன்று புதுமையான செய்தியன்று. கண்புரை அகற்றுதல், குடல் இறக்கத்தைச் சரிசெய்தல், சிறு கட்டிகளை எடுத்தல், குடும்பநல அறுவை முதலிய பல சிகிச்சைகள் இம்முறையிலேயே நாடெங்கும் நடைபெற்று வருகின்றன. நோயாளி பல நாட்கள் படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. கூலி இழப்புக் குறைவு. வீட்டார் சோறு சுமந்து அலைய வேண்டியதில்லை. மருத்துவமனையில் தொற்றக்கூடிய கிருமிகளுக்கும் வாய்ப்புக் குறைவு. இந்நன்மைகளைக் குறித்து எவருக்கும் ஐயமில்லை.

ஆயினும், இம்முறை வேரூன்றிய போது ஒரு பொறுப்பு ஓசையின்றிக் கைமாறிவிட்டது. முன்னெல்லாம் நோயாளி முதல் நாளே வார்டில் சேர்க்கப்படுவார். அவர் எப்போது உண்டார், எந்த மாத்திரையை விழுங்கினார், குளித்தாரா, பொய்ப்பல் கட்டியிருக்கிறாரா என்பனவற்றையெல்லாம் நர்ஸ் கவனித்து எழுதி வைப்பார். இரவில் தாகம் என்றால் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வதற்கு ஒருவர் அருகில் இருந்தார். இன்று அவ்வேலை முழுவதும் நோயாளியின் வீட்டில், நோயாளியாலும் அவர் மனைவியாலும் மகளாலும் செய்யப்பட வேண்டியதாயிற்று. வேலை வீட்டுக்குச் சென்றது. அவ்வேலையைச் செய்வதற்கு வேண்டிய அறிவும் உடன் சென்றதா என்பதே கேள்வி.

பெரும்பாலும் செல்வது ஒரு துண்டுச் சீட்டுத்தான். அதில் சில வரிகள் நோயாளிக்குத் தெரியாத மொழியில் அச்சிடப்பட்டிருக்கும். அல்லது அவருடைய மொழியிலேயே, ஆனால் அவருக்கு விளங்காத நடையில் எழுதப்பட்டிருக்கும். இந்தச் சீட்டை நம்பி விடியுமுன் பஸ் ஏறி வந்த முதியவர் ஒருவர், வழியில் ஒரு குவளை பால் கலந்த தேநீர் அருந்தினார் என்பதற்காகத் திருப்பி அனுப்பப்படலாம். அவருக்கும் துணைக்கு வந்த மகனுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. மருத்துவமனைக்கு மேஜையில் ஓரிடம் வீணாயிற்று. குற்றம் நோயாளியினுடையது என்று பதிவேடு கூறும். அது நியாயமான தீர்ப்பன்று.

முறை பிறந்த வரலாறு

ஒருநாள் அறுவைச் சிகிச்சையின் வரலாற்றைப் பார்த்தால், அது வீட்டை ஒரு போதும் புறக்கணித்துப் பிறக்கவில்லை என்பது தெளிவாகும். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்னும் அறுவை வைத்தியர் குழந்தைகளுக்குச் செய்த 8,988 அறுவைகளைப் பற்றி 1909-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். உதட்டுப் பிளவு, குடல் இறக்கம், கோணல் பாதம் முதலிய குறைகளுக்காக வந்த அக்குழந்தைகள் மருத்துவமனையில் படுக்க வைக்கப்படாமல் வீட்டுக்கே அனுப்பப்பட்டனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்று வயது நிரம்பாதவர்கள். தாயின் மடியே அக்குழந்தைக்கு ஏற்ற படுக்கை என்பது நிக்கோலின் கருத்து. ஆனால் அவர் அக்கருத்தோடு நின்றுவிடவில்லை. நர்ஸுகள் வீடு தேடிச் சென்று பார்த்துவருவதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். பின்னர் 1916-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ரால்ப் வாட்டர்ஸ் என்பவரும், 1970-ல் அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் வேறிரு மருத்துவர்களும் ஒருநாள் அறுவைக்கென்றே தனி நிலையங்களைத் தொடங்கினர்.

இந்தியாவில் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்ததில் கண்புரைச் சிகிச்சைக்குப் பெரும் பங்குண்டு. பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 1976-ல் தொடங்கப்பட்டது. முதலில் பள்ளிக் கட்டடங்களிலும் கூடாரங்களிலும் நடந்த அறுவை முகாம்கள், 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியுடன் ஏழு மாநிலங்களில் நடைபெற்ற திட்டத்துக்குப் பின், பெரிதும் நிலையான மருத்துவமனைகளுக்கு இடம் மாறின. 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வு, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம் என்று கண்டது. ஆகவே, இச்சிகிச்சைக்காக வீட்டிலிருந்து புறப்படும் முதியோர் எண்ணிக்கை இனியும் பெருகுமேயன்றிக் குறையாது. 2018 செப்டம்பர் 23-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்திய 3 நாட்களின் செலவையும், வெளிவந்த பின் 15 நாட்களின் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அறுவை என்பது மேஜையில் நடக்கும் அரைமணி நேரம் மட்டுமன்று என்பதைக் கணக்கு எழுதுவோரே ஒப்புக்கொண்டுள்ளனர். அறிவுரை எழுதுவோரும் அதனை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிறு என்றால் என்ன?

அறிவுரைகளில் முதன்மையானதும் மிகுதியாகத் தவறாகக் கொள்ளப்படுவதும் உணவைப் பற்றியதாகும். மயக்க மருந்து உட்கொண்டவருக்கு விழுங்குதலும் இருமுதலும் தற்காலிகமாக நின்றுபோகின்றன. அப்போது வயிற்றிலுள்ளது மேலெழுந்து வந்தால் மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். நியூயார்க்கில் மகப்பேற்று மருத்துவராயிருந்த கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946-ல் வெளியிட்ட கட்டுரையில், 1932 முதல் 1945 வரை நடந்த 44,016 பேறுகாலங்களில் 66 தாய்மார்களுக்கு இவ்வாறு நேர்ந்ததை விளக்கினார். அதன் பின்னரே, அறுவைக்கு முன் பட்டினி இருத்தல் உலகெங்கும் கண்டிப்பான விதியாயிற்று. ‘நள்ளிரவுக்குப் பின் எதுவும் கூடாது’ என்ற வாசகமும் பரவிற்று.

அவ்வாசகம் சொல்ல எளிது. ஆனால் விஞ்ஞானம் அதனைத் தாண்டி வந்துவிட்டது. தெளிந்த நீர் வயிற்றில் நெடுநேரம் தங்குவதில்லை. ஆகவே, 1999-ல் அமெரிக்க மயக்கவியல் வல்லுநர் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் அருந்தலாம் என்றது. தாய்ப்பாலுக்கு 4 மணி, இலேசான உணவுக்கு 6 மணி, எண்ணெயில் பொரித்ததும் கொழுப்பு மிக்கதுமான உணவுக்கு 8 மணியோ அதற்கு மேலுமோ இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. பசும்பாலும் எருமைப்பாலும் இதில் இலேசான உணவோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. பால் கலவாத தேநீரும் பால் கலந்த தேநீரும் ஒன்றல்ல என்பது இங்குதான் புலப்படும்.

இதனை எந்தச் சொல்லால் மக்களுக்குக் கூறுவது? ‘விரதம்’ என்றால், வட இந்தியக் குடும்பம் ஒன்று பாலையும் பழத்தையும் ஜவ்வரிசியையும் நினைக்கும். அவை விரதத்துக்கு உகந்தவை. ‘நோன்பு’ என்றால், ரமலான் மாதத்து நோன்பை அறிந்தவர் சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று கொள்வார். ‘வெறும் வயிறு’ என்றால், காலைப் பலகாரம் உண்ணாமல் காப்பி மட்டும் குடித்துவிட்டு வருவோர் தமிழ்நாட்டில் உண்டு. காப்பியை ஆகாரம் என்று அவர்கள் எண்ணுவதில்லை. ஒரே கட்டளை, ஒருவர் அதிகம் உட்கொள்கிறார், இன்னொருவர் கோடை வெயிலில் நா வறளக் கிடக்கிறார். இருவரும் கீழ்ப்படிந்தவர்களே. பிழை சொல்லில் இருக்கிறது.

ஆகவே, அறிவுரைச் சீட்டில் சமயத்தோடு தொடர்புள்ள சொற்களும் பொதுச் சொற்களும் தவிர்க்கப்பட்டு, மணியும் பொருளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். ‘இரவு 11 மணிக்கு முன் இட்லி அல்லது ரொட்டி உண்டு முடிக்கவும். அதன் பின் பால், மோர், காப்பி, பால் தேநீர், பழம், வெற்றிலை பாக்கு, கைனி எதுவும் வேண்டாம். காலை 6 மணி வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம்’ என்று ஓர் அறுவைக்கு எழுதினால், அதில் தடுமாற்றத்துக்கு இடமில்லை. மணிக்கணக்கை நிர்ணயிப்பவர் அந்த மருத்துவமனையின் மயக்க மருந்து வல்லுநரேயன்றி வேறெவருமல்லர். கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து புரையை அகற்றும்போது, இலேசாக உண்டு வருமாறு கூறும் மருத்துவமனைகளும் உள்ளன. எந்த நோயாளிக்கு எந்த விதி என்பதைச் சீட்டே சொல்ல வேண்டும், ஊகத்துக்கு விடலாகாது.

மறைக்கப்படும் மாத்திரைகள்

இரண்டாவது பொருள் மருந்து. ‘வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால், இல்லை என்ற விடையே பலரிடமிருந்து வரும். அது பொய்யன்று. பத்தாண்டுகளாகத் தினமும் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரையை அவர்கள் மருந்தாகக் கருதுவதில்லை. அது அன்றாட வழக்கமாகிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியத்தையும் சூரணத்தையும் டாக்டரிடம் சொல்லத் தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். ஆங்கில மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சமும் உண்டு. கேள்வியை விடப் பை ஒன்று அதிகம் பயன்படும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், எண்ணெய், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதே தக்க வழி.

இதனால் விளையும் நன்மைக்கு ஓர் உதாரணம் போதும். பிராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் தடைப்படும் முதியவர்களுக்கு டாம்சுலோசின் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. அம்மருந்து கண் பாவையைச் சூழ்ந்த வண்ணப் படலத்தையும் தளர்த்திவிடுகிறது என்பதும், அதனால் கண்புரை அறுவையின்போது படலம் துவண்டு சிக்கல் விளைகிறது என்பதும் 2005-ல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தன. மருந்தை நிறுத்திய பின்னும் இவ்விளைவு எஞ்சியிருக்கக்கூடும். முன்கூட்டி அறிந்தால் அறுவை நிபுணர் அதற்கேற்ற கருவிகளுடனும் மருந்துகளுடனும் தயாராக இருப்பார். சிறுநீர்க் கோளாறுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளி எண்ணிச் சொல்லாமல் விடுவது இயல்பே. அந்த இயல்பை அறிந்து கேட்பதே மருத்துவமனையின் கடமை.

இதற்கு எதிரான தவறும் நேர்கிறது. அறுவை என்றதும் எல்லா மாத்திரைகளையும் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். இரத்த அழுத்த மருந்தைத் திடீரென நிறுத்துவதும், இதயத்தில் குழாய் பொருத்தப்பட்டவர் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை நிறுத்துவதும் அபாயமானவை. நீரிழிவு உள்ளவர் பட்டினி இருந்துகொண்டே வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்து மயக்கமுறக்கூடும். நீரிழிவு மருந்துகளில் ஒரு வகையைப் பெரிய அறுவைகளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கிறது. எதை நிறுத்துவது, எதை ஒரு மிடறு நீருடன் விழுங்குவது, எதன் அளவைக் குறைப்பது என்பது ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எழுதித் தரப்பட வேண்டும். புகைபிடிப்போரைப் பொறுத்தவரை, அறுவைக்கு ஏறத்தாழ 4 வாரங்களுக்கு முன்பே பீடி, சிகரெட்டை விட்டவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் புண் ஆறாமையும் குறைகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் எடுத்துக்காட்டியது. அறுவைக்கு முதல் நாள் கொடுக்கும் சீட்டில் இதனை எழுதிப் பயனில்லை. நாள் குறிக்கும் அன்றே சொல்ல வேண்டும்.

உடலும் அணிகலனும்

முதல் நாள் இரவோ அன்று காலையோ சோப்பிட்டுக் குளித்துவிட்டு, வெளுத்த துணி உடுத்தி வர வேண்டும். கண் அறுவைக்குப் பின் சில நாட்கள் தலைக்கு நீர் ஊற்றலாகாதாகையால், தலையை முன்னரே அலசிக்கொள்வது நலம். மையும் சுர்மாவும் இடலாகாது. அறுவை செய்யும் இடத்தைச் சவரக்கத்தியால் வீட்டிலேயே மழித்துக்கொண்டு வருவது நல்ல ஆயத்தம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. கத்தி ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமிகள் பெருகும். மழித்தலைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வற்புறுத்தியது. முடியை நீக்குவது அவசியமானால், மருத்துவமனையில் கத்தரிப்புக் கருவியால் செய்வர்.

நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் விரல் நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கும் கருவிக்கு இடையூறு செய்யக்கூடும். நகைகளைக் கழற்றச் சொல்வதற்குக் களவு பயம் மட்டும் காரணமன்று. இரத்தக் கசிவை அடைக்க மின்சாரக் கத்தி பயன்படும்போது உலோகம் பட்ட இடம் சுடக்கூடும். வீங்கிய விரலில் மோதிரம் இறுகிவிடும். மூக்குத்தி மூச்சுக் கவசத்துக்குத் தடையாகும். இக்காரணங்களைச் சொல்லாமல், ‘எல்லாவற்றையும் கழற்று’ என்று அறுவைக்கூட வாசலில் கட்டளையிட்டால், தாலியையோ, வங்காளத்துச் சங்கு வளையலையோ, இராஜஸ்தானத்து மணமகளின் வளையல் அடுக்கையோ அணிந்த பெண் கலங்குவது திண்ணம். முன்னதாகவே வீட்டில் காரணத்தோடு சொல்லப்பட்டால், மூத்தவர்கள் கலந்து பேசித் தக்க ஏற்பாடு செய்துகொள்வர். கழற்ற இயலாததை எவ்வாறு பாதுகாப்பாக மூடிக் கட்டலாம் என்பதையும் மருத்துவமனை கூறலாம்.

நோயாளியின் வாய்மொழி

ஆயத்தம் என்பது உடலைத் தூய்மை செய்வதோடு முடிவதன்று. என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அறிந்து உடன்படுவதே அதன் உயிர்நிலை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பரிசோதனைக்காக மட்டும் உடன்பட்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கையில் தாயாரின் சம்மதத்தைப் பெற்றுப் பெரிய அறுவை செய்தது முறையன்று என்று தீர்ப்பளித்தது. விவரம் அறிந்த நோயாளியின் சம்மதமே சம்மதம் என்பது அத்தீர்ப்பின் சாரம். கருத்தடை அறுவை முகாம்கள் பற்றிய வழக்கில் 2016 செப்டம்பரில் அதே நீதிமன்றம், விவரங்கள் உள்ளூர் மொழியில் எடுத்துரைக்கப்பட வேண்டும் என்றும், மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது அவகாசம் தரப்பட வேண்டும் என்றும் கூறியது. மேஜைக்குச் செல்லும் வழியில் பெருவிரல் ரேகை வாங்குவது இதற்கு ஈடாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலின் முதல் வரியே நோயாளியின் பேச்சுக்கு உரியது. தம் பெயர், செய்யப்படும் அறுவை, அது உடலில் எந்தப் பக்கம், தாம் உடன்பட்டது ஆகியவற்றை நோயாளியே உறுதிசெய்ய வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அப்பட்டியலைக் கையாண்டபோது, அறுவைக்குப் பின் நேர்ந்த மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என 2009-ல் வெளியான ஆய்வு கூறிற்று. ஒரே நாளில் பலருக்குக் கண் அறுவை நடக்கும் இடத்தில், ‘எனக்கு வலக் கண்’ என்று வாய் திறந்து சொல்லும் மூதாட்டியும் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்காளி. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசலாகாது என்ற பணிவால் அவர் வாய் மூடியிருந்தால், பட்டியலின் முதல் வரி வெறும் அடையாளக் குறியாகிவிடும். அவரைப் பேசப் பழக்குவது அறுவைக்கூடத்தில் இயலாது; வீட்டிலும் ஊரிலுமே இயலும்.

திரும்பும் வழி

வீடு திரும்புதலும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். முழு மயக்கமோ, உறக்க மருந்தோ பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டலாகாது, இயந்திரம் இயக்கலாகாது, பத்திரங்களில் கையொப்பமிடலாகாது, மது அருந்தலாகாது. பொறுப்புள்ள வயது வந்தவர் ஒருவர் அன்றிரவு உடனிருக்க வேண்டும். பத்து வயதுப் பேரன் துணையாக மாட்டான். கண் அறுவையானால், பல வாரங்களுக்கு நாள்தோறும் பல முறை கையைக் கழுவிவிட்டுச் சொட்டு மருந்து விடுபவர் யார் என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். வலி தணியாமல் ஏறினாலோ, பார்வை மங்கினாலோ, கண் சிவந்து சீழ் கண்டாலோ விடியும்வரை காத்திராமல் யாரிடம் செல்வது, எந்த வண்டியில் செல்வது என்பதும் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். நகரத்தில் இது சிறு செய்தி. மழைக்காலத்தில் ஓடை கடந்து செல்ல வேண்டிய சிற்றூரில் இதுவே ஒரு கண்ணின் விலை.

எதிர்வாதமும் விடையும்

இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்க டாக்டருக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ‘நள்ளிரவுக்குப் பின் எதுவும் கூடாது’ என்ற கண்டிப்பான விதியே பாமர மக்களுக்குப் பாதுகாப்பானது. அறுவை வரிசை மாறினாலும் அது கெடுவதில்லை என்று வாதிப்போரும் உளர். வரிசை மாறக்கூடிய இடத்தில் மருத்துவமனை சற்று மிகையான இடைவெளியை விதிப்பது முறையே. நோயாளியும் அதனையே பின்பற்ற வேண்டும். ஆனால் பிற்பகல் 3 மணிக்கு அழைக்கப்படப்போகும் குழந்தையையோ, நீரிழிவுள்ள முதியவரையோ நள்ளிரவு முதல் ஒரு சொட்டு நீருமின்றி வைத்திருப்பது பாதுகாப்பன்று. அது விளக்கிச் சொல்லும் சிரமத்தை மருத்துவமனையிலிருந்து நோயாளியின் உடலுக்கு மாற்றுவதேயாகும். பாமரர் விளங்கிக்கொள்ள மாட்டார் என்பதும் பொருந்தாது. விதைப்புக்கும் பாய்ச்சலுக்கும் உரத்துக்கும் நாளும் அளவும் பிசகாமல் நடப்பவருக்கு, காரணத்தோடு சொல்லப்பட்ட மணிக்கணக்கு விளங்காமற் போகாது.

இங்கேதான் கள ஊழியரும் ஆசிரியரும் வருகின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 73 சதவீதத்தினர். கண்புரையால் வாடும் முதியோரிடையே படிக்க இயன்றவர் இன்னும் குறைவு என்பதைக் கூற வேண்டியதில்லை; எழுத்தறிந்தவருக்கும் புரை எழுத்தை மறைக்கிறது. எனவே சீட்டு வாசிக்கப்படுவதற்காக மட்டுமன்றி, வாசித்துக் காட்டப்படுவதற்காகவும் எழுதப்பட வேண்டும். ஆஷா பணியாளரும் கிராமச் சுகாதார நர்ஸும் அறுவைக்கு முந்திய வாரத்தில் ஒரு முறை அவ்வீட்டுக்குச் சென்று, மாத்திரைப் பையைப் பார்த்து, சீட்டை உரக்கப் படித்துக்காட்டுவது அவர்கள் கடமைகளுள் ஒன்றாக எண்ணப்படலாம். நிக்கோலின் நர்ஸுகள் அறுவைக்குப் பின் செய்ததை இவர்கள் அறுவைக்கு முன் செய்வார்கள்.

ஆசிரியர்கள் ஓர் உண்மையை வகுப்பறையிலேயே அறிந்தவர்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது’ என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூறும். சொன்னதை ஒரு மாணவன் தன் சொற்களில் திருப்பிச் சொன்னால்தான் புரிந்தது தெரியவரும். நோயாளிக்கும் இதுவே பரீட்சை. ‘இன்றிரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? காலையில் என்ன குடிப்பீர்கள்? எந்த மாத்திரையை விழுங்குவீர்கள்?’ என்று கேட்டு, விடையை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். விடை தவறினால், பிழை சொன்னவருடையது என்று கொண்டு மறுபடி சொல்ல வேண்டும். தாத்தாவின் சீட்டை வீட்டில் படித்துக் காட்டும் எட்டாம் வகுப்பு மாணவிக்கு, ‘6 மணி வரை’ என்பதற்கும் ‘6 மணி முதல்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியில் கற்பித்தவர் ஆசிரியரே.

அரசாங்கமும் மருத்துவமனை நிர்வாகிகளும் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அறிவுரைச் சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்படுவதை விடுத்து, அந்தந்த வட்டாரத்தின் உணவும் பேச்சும் அறிந்தவரால் அவ்வட்டார மொழியிலேயே எழுதப்பட வேண்டும். அச்சிடுமுன் எழுத்தறிவு குறைந்த சிலருக்குப் படித்துக்காட்டி, அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும். தள்ளிவைக்கப்படும் ஒவ்வோர் அறுவைக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். ‘நோயாளி உணவு உட்கொண்டுவிட்டார்’ என்று எழுதும்போது, ‘அவருக்கு யார், எந்த மொழியில், எப்போது அறிவுரை கூறினார்?’ என்ற மற்றொரு கட்டமும் அப்பதிவேட்டில் இருக்க வேண்டும். அக்கட்டம் வெறுமையாக இருக்கும் இடத்தில் நோயாளியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

அறுவை நிபுணரின் கைத்திறனுக்கு இந்நாட்டில் குறைவில்லை. மூன்றாண்டுகள் மங்கலாய் இருந்த உலகம் சில நிமிடங்களில் தெளிவாகும் அற்புதத்தை நாள்தோறும் பல்லாயிரவர் காண்கின்றனர். அந்த அற்புதம் முந்திய இரவில், ஒரு வீட்டின் அடுக்களையில், ‘அப்பா, இனிமேல் பால் வேண்டாம், தண்ணீர் மட்டும்தான்’ என்று மகள் சொல்லும் போதே தொடங்குகிறது. அவள் அதனைச் சரியாகச் சொல்வதற்கு, எவரேனும் ஒருவர் அவளுக்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.